கடைசி அஞ்சு கெஜம்

பப்பாளி இல்ல தம்பி, பந்து. தாராளமாத் தொட்டுப் பாருங்க. ஆனா இந்த மூக்கு இருக்குல்லா, அதுல மட்டும் கை வச்சிராதீங்க. வெள்ளையா ஒட்டியிருக்கே, அது கோடு போட்ட சுண்ணாம்பு. சாட்சிக்காவ மதுரைக்குக் கொண்டு போறேன். பையில மனுவும் இருக்கு, மூணு பக்கம்.

நீங்களும் மதுரைதான? நல்லதாப் போச்சு. பஸ்ஸு இன்னும் கயத்தாறே தாண்டல. சொல்லுதேன், கேளுங்க. எனக்கு நடந்த அநியாயம் ஒருத்தனுக்கும் நடந்திருக்காது.

எம் பேரு கோயில்பிச்சை. திருநெல்வேலிக்குத் தெக்க ஒரு காலேஜுல அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சு. சிரிங்க, பரவாயில்ல. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யுதாங்க. பேருதான் கால்பந்து, ஆனா கையில வச்சுக்கிட்டு ஓடணும். எதிராளி பக்கத்துக் கடைசிக் கோட்டைப் பந்தோட தாண்டிட்டா டச்டவுன், ஆறு பாயிண்டு. தாண்ட விடாம பதினோரு தடியனுங்க மேல விழுந்து அமுக்குவானுவ. அம்புட்டுதான் ஆட்டம். மிச்ச ரூலெல்லாம் எனக்கே ஆறு வருசம் கழிச்சுத்தான் வெளங்கிச்சு.

நான் வெறும் கோச்சு மட்டும் இல்ல பாத்துக்கிடுங்க, ஆடுன ஆளு. மாநில அணிக்கு எட்டு வருசம் ஆடியிருக்கேன். சும்மாவா எடுத்தாங்க? செலக்சனுக்குப் பன்னெண்டு பேரு வந்திருந்தோம், வேண்டியது பதினோரு பேரு. அதுல ஒருத்தனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. கடும் போட்டி.

எனக்கு சென்டர் எடம். சென்டருன்னா, நட்ட நடுவுல குனிஞ்சு நிக்கணும். பந்து தரையில இருக்கும். அத எடுத்து ரெண்டு காலுக்கு நடுவுல பின்னால நிக்கவன் கையில கொடுக்கணும். கொடுத்த அடுத்த நிமிசம் ஒரு மலை நம்ம மேல வந்து விழும். அது எந்திரிச்சுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். பந்து எங்க போச்சு, யாரு கொண்டு போனா, ஒண்ணும் தெரியாது. கைத்தட்டு கேட்டுச்சுன்னா நம்மாளு போயிட்டான்னு அர்த்தம். எட்டு வருசம் தம்பி! பந்தோட ஒரு அடி முன்னால போனது கெடையாது. எங்கம்மா ஒரே ஒரு தடவ பாக்க வந்தா. வீட்டுக்கு வந்து, "ஏல, எல்லாவனும் ஓடுதான், நீ மட்டும் என்னத்தத் தொலைச்ச? குனிஞ்சு தேடிக்கிட்டே நிக்க?"ன்னு கேட்டா.

பொண்ணு பாக்கப் போகையில, கெத்தா இருக்கட்டுமேன்னு நான் ஆடுன போட்டோவக் கொண்டு போனேன். மாமனாரு கண்ணாடியப் போட்டுப் பாத்தாரு. தலைகீழாத் திருப்பிப் பாத்தாரு. "இதுல மாப்பிள்ள மொகம் எங்க இருக்கு?"ன்னாரு. மொகம் எப்படித் தெரியும்? படம் பிடிச்சவன் பின்னாலல்லா நின்னிருக்கான். எங்க வீட்டம்மா ஜெபமணி அன்னைக்குச் சிரிக்க ஆரம்பிச்சவ. பதினாலு வருசம் ஆச்சு, இன்னும் நிறுத்தல.

கோச்சு ஆன கதையச் சொல்லுதேன். ஆட்டத்த விட்டுட்டு அதே காலேஜு லைப்ரரியில புத்தகத்துக்கு நம்பர் ஒட்டிக்கிட்டு இருந்தேன். எங்க தாளாளர் வேதமாணிக்கம் ஐயாவோட தங்கச்சி மவன் அமெரிக்காவுல இருக்காரு. மாமா காலேஜுக்கு எதாவது செய்யணும்னு இருபத்திரெண்டு ஹெல்மெட்டு அனுப்பி வச்சாரு. ஐயாவுக்கு அது என்னன்னு தெரியல. மொபெட் வச்சிருக்க வாத்தியாருங்களுக்கு ஆளுக்கொண்ணு கொடுத்துட்டாரு. கணக்கு வாத்தியாரு மூஞ்சிக்கு முன்னால கம்பி வலையோட மொபெட்டுல வாராரு, ரோட்டுல நாய் எல்லாம் வழி விடுது. நான் பதறிப் போயி ஐயாகிட்ட ஓடினேன். "ஐயா, இது எங்க ஆட்டத்துச் சாமான்"னேன். "அப்படியா? அப்ப நீரே ஒரு டீமை உண்டாக்கிரும்"னுட்டாரு. அன்னைக்கே வாத்தியாருங்ககிட்டருந்து ஹெல்மெட்டையெல்லாம் புடுங்கினேன். கணக்கு வாத்தியாரு இன்னும் எங்கிட்டப் பேசுததில்ல.

டீமுக்கு யாரு வந்தா? ஒரு பயலும் வரல. கடைசியில எங்க கபடி டீமு இருக்குல்லா, அதுல பத்து பேரப் பிடிச்சேன். நல்ல பயலுவ, தேக்கு மாதிரி ஒடம்பு. கேப்டன் இசக்கிமுத்து, ஜில்லாவுலயே பேரு வாங்குன ரெய்டரு. பதினோராவது ஆளு தாவீது ராஜ். அவனுக்கு எந்த ஆட்டமும் தெரியாது. நூத்திப் பதினெட்டு கிலோ. அவன நான் சென்டராப் போட்டேன். குனிய வச்சு, பின்னால நின்னு, முதுகுல ஒரு தட்டு தட்டுவேன். தட்டுன ஒடனே காலு நடுவுல பந்து வந்திரணும். மூணு வருசம் தட்டியிருக்கேன். தூக்கத்துல தட்டினாலும் கொடுத்திருவான்.

ஆனா மத்த பத்து பேருகிட்டயும் ஒரு கோளாறு. கபடிக்காரன் நேர்மையானவன் தம்பி. எதிராளி தொட்டுட்டான்னா கையத் தூக்கிட்டு வெளிய போயிருவான். மொத மேட்சு. இசக்கிமுத்து பந்தோட ஓடுதான். ஒருத்தன் வந்து தோள்ல லேசாத் தொட்டான். இவன் நின்னான். பந்தத் தரையில வச்சான். கையத் தூக்கினான். போயி வெளிய சம்மணம் போட்டு ஒக்காந்துட்டான். "ஏன்டே ஒக்காந்த?"ங்கேன். "தொட்டுட்டான் சார். செத்துட்டேன்"ங்கான். பன்னெண்டாவது நிமிசத்துல பத்து பேரும் வரிசையா வெளிய ஒக்காந்திருக்கானுவ, எப்ப உயிர் வரும்னு. மைதானத்துல தாவீது மட்டும் தனியாக் குனிஞ்சு நிக்கான். எதிர் டீமு கோச்சு எங்கிட்ட வந்து, "சார், உங்க பசங்களுக்கு சாப்பாட்டுல எதாவது ஆயிப்போச்சா?"ன்னு கேட்டாரு.

மூணு வருசம், பதினாறு மேட்சு. எங்க டீமு எடுத்த மொத்தப் பாயிண்டு பூஜ்யம்.

போன அக்டோபர்ல ஐயா கூப்பிட்டு விட்டாரு. "கோயில்பிச்சை, டிசம்பர்ல அமெரிக்கா மருமவன் வாரான், ஹெல்மெட்டு அனுப்பினவன். அவன் கண்ணு முன்னால ஒரு டச்டவுன் விழணும். ஜெயிக்க வேண்டாம், ஒண்ணே ஒண்ணு போதும். விழலன்னா மைதானத்துல மாங்கன்னு வச்சிருவேன். நீரு லைப்ரரிக்கே போயி நம்பர் ஒட்டும்"னாரு. லைப்ரரியக் கொற சொல்லல. ஆனா கழுத்துல விசில் மாட்டுனவன் திரும்பப் போயி பசைப் பாட்டிலோட ஒக்கார முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கே ஒரு பயிற்சி கண்டுபிடிச்சேன். உலகத்துல வேற எந்தக் கோச்சுக்கும் இது தோணியிருக்காது. காலையில ஆறு மணிக்குப் பயலுவள வரிசையா நிறுத்துவேன். ஒவ்வொருத்தனையாத் தொடுவேன். தொட்ட ஒடனே அவன், "நான் சாகல!"ன்னு கத்தணும், கத்திட்டு ஓடணும். ஒரு நாளைக்கு எரநூறு தடவ. தொடு, "நான் சாகல!" தொடு, "நான் சாகல!" மைதானத்துக்குப் பக்கத்துல போற பொம்பளைங்க எல்லாம் நின்னு பாக்காங்க.

ரெண்டு வாரத்துல நல்லாவே ஒட்டிக்கிட்டு. ரொம்ப நல்லாவே ஒட்டிக்கிட்டு. இசக்கிமுத்தோட அம்மா காலையில அவனத் தட்டி எழுப்பியிருக்கா. பய எந்திரிச்சு ஒக்காந்து, "நான் சாகல!"ன்னு அலறியிருக்கான். அந்தம்மா பயந்து போயி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டா. கயிறு கட்டுனவரு கையப் பிடிச்சப்பவும் அதேதான் கத்தியிருக்கான். ஞாயித்துக்கிழமை ஆராதனையில போதகர் தாவீது தலையில கை வச்சு ஜெபிச்சாரு. "நான் சாகல!" மொத்தச் சபையும் திரும்பிப் பாக்கு. போதகர் அதையே வசனமா வச்சு அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணிட்டாரு. நல்ல மனுசன்.

டிசம்பர் வந்துட்டு. கோயம்புத்தூர்லருந்து ஒரு இன்ஜினியரிங் காலேஜு டீமு எங்க மைதானத்துக்கு வந்துச்சு. ஒவ்வொருத்தனும் பீரோ மாதிரி இருக்கான். நடுக்கோட்டுப் பக்கம் சாமியானா போட்டு ஐயாவும் மருமவனும் ஒக்காந்திருக்காங்க. மருமவன் செல்போன்ல படம் பிடிக்காரு. மொத பாதி முடிஞ்சப்போ அவனுவ முப்பத்தஞ்சு, நாம பூஜ்யம். ஆனா ஒரு பயலும் வெளிய வந்து ஒக்காரல தம்பி! தொடுதானுவ, "நான் சாகல!"ன்னு கத்துதான், ஓடுதான், விழுதான். எனக்குக் கண்ணு நெறஞ்சுட்டு.

முடியதுக்கு ஆறு நிமிசம். ஐயா ரெண்டு தடவ வாட்ச்சப் பாத்துட்டாரு. அப்பதான் தாவீது பந்தப் பின்னால கொடுத்தான், அது இசக்கிமுத்து கைக்குப் போச்சு. பய கெளம்பிட்டான்! ஒருத்தன் தொட்டான், "நான் சாகல!" இன்னொருத்தன் தொட்டான், "நான் சாகல!" அறுபது கெஜம் போயிட்டான். பின்னால பத்து பேரு தொரத்துதானுவ. முன்னால ஒரே ஒருத்தன், அவனுக்குப் பின்னால கடைசிக் கோடு. நான் விசில ஊதிக்கிட்டே குதிக்கேன். ஐயா எந்திரிச்சு நின்னுட்டாரு.

இசக்கிமுத்து அந்த ஒருத்தன்கிட்டப் போனான். ஒரு கையால அவன் தோளத் தொட்டான். தொட்டுட்டு, திரும்பினான்.

திரும்பி நம்ம பக்கத்துக்கே ஓடி வாரான் தம்பி!

கபடியில அப்படித்தான? எதிராளி கோட்டுக்குள்ள போயி, ஒருத்தனத் தொட்டுட்டு, உயிரோட நம்ம பக்கம் வந்தாத்தான் பாயிண்டு. சின்ன வயசுலருந்து அதையே ஆடுன பய. தொட்டா சாகாதன்னு நான் சொல்லிக் கொடுத்தேன். தொட்டுட்டுத் திரும்பி வராதன்னு சொல்லிக் கொடுக்கல. தொரத்திட்டு வந்தவனுங்களுக்கு எதிர்க்க இவன் வாரான். அவனுவளுக்கு ஒண்ணும் புரியல. குனிஞ்சான், வளைஞ்சான், ஒருத்தன் கையிலயும் சிக்கல. இந்த ஆட்டத்துல அப்படி ஒரு ஓட்டத்த நான் பாத்ததே இல்ல. நடுக்கோட்டத் தாண்டினான். பந்த இனி எதுக்குன்னு ஓரமா எறிஞ்சான். தொடையத் தட்டினான். எங்க பயலுவ எல்லாம் ஒரு பாயிண்டு ஆச்சுன்னு அவனக் கட்டிப் பிடிச்சுத் துள்ளுதானுவ. அதுக்குள்ள பத்து பீரோவும் வந்து மொத்தமா மேல விழுந்துட்டு.

பெரிய அம்பயரு ஓடி வந்து, பந்து அடியில கெடக்குன்னு நெனச்சு, ஒவ்வொருத்தன் காலா இழுத்து எடுக்காரு. சின்ன அம்பயர எவனோ இடிச்சுத் தள்ளி, அவரு முட்டி போட்டு மூக்குக் கண்ணாடியத் தேடுதாரு. ஐயா, மருமவனோட செல்போன், மொத்தக் கூட்டமும் அந்தக் குவியலத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. பந்து எங்க கெடக்கு தெரியுமா? தாவீது காலடியில. பய அப்பதான் மேல விழுந்தவன் போன பொறவு எந்திரிச்சு, கால்சட்டைய இழுத்து விட்டுட்டு நிக்கான்.

"எடுடே! ஓடுடே!"ன்னு கத்தினேன். எடுத்தான். ஓடினான். ஓடினான்னு ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். எதிர்க்க இருந்த அந்த ஒருத்தனும் இசக்கிமுத்தப் பிடிக்க அந்தப் பக்கம் போயிட்டான். முன்னால ஈ காக்கா கெடையாது. நான் கோட்டுக்கு வெளிய அவனோடயே ஓடுதேன். நாப்பது கெஜம், முப்பது, இருவது. பயலுக்கு மூச்சு வாங்குது. பத்து. அஞ்சு கெஜம் இருக்கு, நின்னுட்டான். முட்டியில கை வச்சுக் குனிஞ்சுட்டான்.

நான் எப்ப கோட்டுக்கு உள்ள வந்தேன்னு எனக்கே தெரியாது. பின்னால போயி, "போடே!"ன்னு முதுகுல ஒரு தட்டு தட்டினேன்.

"நான் சாகல சார்!"ன்னான். ரெண்டு காலுக்கு நடுவுல பந்து எங் கையில வந்துட்டு.

தம்பி, அந்த எடத்துல நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீய? கையில பந்து. முன்னால யாரும் இல்ல. நான் ஓடினேன். விசில் நெஞ்சுல கெடந்து அடிக்கு. காத்து மூஞ்சியில படுது. இத்தன வருசத்துல ஒரு மைதானத்துக்கு முன் பக்கம் எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். புல்லு இருக்கு, கோடு இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் நிக்கு. தாண்டினேன். பந்த இந்த மூக்கு படுத மாதிரி சுண்ணாம்புக் கோட்டுக்கு அங்கிட்டு ஓங்கி வச்சேன். வச்சுட்டு அழுதேன். சத்தியமாச் சொல்லுதேன், சின்னப் புள்ள மாதிரி அழுதேன்.

பின்னாலயே தாவீது தவழ்ந்து வந்தான். மூச்சு முட்டி அந்தப் பந்து மேலயே விழுந்தான். அந்த நேரம் பாத்துப் பெரிய அம்பயரு நிமிந்து பாக்காரு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்து, பந்து மேல தாவீது, பக்கத்துல நான் நின்னு அழுதுக்கிட்டு இருக்கேன். ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. டச்டவுன்!

பெறவென்ன, திருவிழாதான். தாவீதத் தூக்கப் பாத்தானுவ, ஒம்பது பேரு சேந்தும் முடியல. ஐயா சாமியானாவுலருந்து ஓடி வந்து அவனுக்குப் பொன்னாடை போத்தினாரு. மருமவன் கைகுலுக்கினாரு. நாப்பத்தொண்ணுக்கு ஆறு, தோல்விதான், ஆனா எங்க ஊருல வெடி போட்டாங்க. எனக்கு வேல நெரந்தரம்னு மறுநாள் ஆர்டர் வந்துட்டு. எல்லாம் சரி. பேப்பர்ல என்ன போட்டிருக்கான்? "மாணவர் தாவீது ராஜ் சாதனை." காலேஜு வாசல்ல போர்டு வச்சிருக்காங்க, ஆளு ஒசரத்துக்குத் தாவீது. தெனமும் அதத் தாண்டித்தான் உள்ள போறேன். அந்தக் கடைசி அஞ்சு கெஜம் யாரு ஓடினா? நானு! எங்க ஃபுட்பால் சங்கத்து ரெக்கார்டுல யாரு பேரு? அவன் பேரு!

அதான் மனு. மதுரையில சங்கத்து ஆபீஸ்ல கொடுத்து, பேர மாத்தச் சொல்லப் போறேன். எந்தக் காலு மொதல்ல கோட்டத் தாண்டிச்சுங்கது வரைக்கும் எழுதியிருக்கேன். தாவீதுகிட்டச் சொன்னேன். பய கையப் பிடிச்சுக்கிட்டு, "வேண்டாம் சார், வேண்டாம் சார்"னு அழுதான். பேரு ஆசை பாத்தீயளா, இந்த வயசுலயே! ஜெபமணி இன்னைக்குக் காலையில வாசல்ல குறுக்க நிக்கா, "போவாதீங்க"ன்னு. வீட்டுக்காரன் பேரு ரெக்கார்டுல ஏறுததுல அவளுக்கு என்ன பொறாமையோ.

என்ன தம்பி? கேளுங்க, தாராளமாக் கேளுங்க.

கோச்சு மைதானத்துக்குள்ள வரலாமான்னா கேக்கீய? வரக் கூடாது. ரூலு இருக்கு. நாப்பத்தி ரெண்டாம் பக்கம்.

வந்து பந்தத் தொட்டா? செல்லாது. அது யாருக்கும் தெரிஞ்ச வெசயம்தான, வெளியாளு தொட்டா அந்தப் பாயிண்டு...

கோவில்பட்டி வந்துட்டோ? இன்னும் இல்லையா.

நான் மனு கொடுத்தா அந்த ஆறும் போயிரும், அப்படித்தான? ஆறு போனா பூஜ்யம். பூஜ்யம்னா மாங்கன்னு. மூணு பக்கம் எழுதினேன் தம்பி, கை வலிக்க எழுதினேன், எழுதையில இது தோணவே இல்ல. அந்தப் பய எனக்காவல்லா அழுதிருக்கான். நான் அவன என்னெல்லாமோ பேசிட்டேன். ஜெபமணியையும்.

கண்டக்டர்! கோவில்பட்டியில ஒரு எறக்கம்.

இல்ல தம்பி, மதுரைக்கு வரல. அங்க எனக்கு என்ன சோலி? போயி அந்தப் பயலுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுக்கணும், சும்மா ரெண்டு மூணு எல்லாம் அவனுக்குக் காணாது. ஒங்க பேரு என்ன? சொக்கலிங்கமா? சரி. ஒருத்தருக்குத் தெரியும்னு நான் மனசுல வச்சுக்கிடதுக்குத்தான் கேட்டேன்.

நெசமாவே ஓடினேன் தம்பி. நல்லா வேகமாத்தான் ஓடினேன்.

யாருகிட்டயும் சொல்லிராதீங்க, என்ன? ஐயா காதுக்குப் போச்சுன்னா போச்சு. அப்படியே வாய் தவறி எங்கயாவது சொல்லிட்டீயன்னா, பேர மட்டும் சரியாச் சொல்லிருங்க. கோயில்பிச்சை.